8 லட்சத்தில் ஊருக்கு ஒரு நூலகம் கட்ட முடியுமா?

கேள்வி | 22 ஜூலை 2023, காலை 9:40

போன வாரம் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். ஊர் பெரம்பலூர் பக்கம், 640 வீடு. ஊராட்சி நூலகக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பல வருடமாகப் பூட்டு, கூரை ஒழுகுகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து 8 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். பழசை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது என் கருத்து. கட்டடம் நன்றாக இருந்தால் ஆட்கள் தானாக வருவார்கள். இந்தத் தொகையில் முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 22 ஜூலை, காலை 11:15

இடிக்காதீர்கள். கூரை ஒழுகியதால் பூட்டினார்களா, பூட்டிப் போட்டதால் ஒழுகுகிறதா என்று முதலில் ஊரில் விசாரியுங்கள்.

எங்கள் ஊரில் நடந்தது இரண்டாவது. நான் மன்னார்குடி பக்கம், உரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் நூலகம் கட்டி 2008இல் திறந்தார்கள். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் மாலையில் வந்து திறப்பார். மாதச் சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை, அதுவும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரும். மூன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. சாவி ஊராட்சி அலுவலக ஆணியில் தொங்கியது. கொஞ்ச நாளில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய தெருவிளக்குகளும் உள்ளே போயின. கரையான் ஏறியது. அதற்கு அப்புறம்தான் கூரை.

உங்கள் 8 லட்சத்தில் ஒரு கட்டடம் வந்துவிடும், சந்தேகமில்லை. மறுநாள் காலையில் அதன் பூட்டைத் திறப்பது யார், அவருக்கு மாதம் யார் தருவது?

22 ஜூலை, இரவு 10:05

கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். காலையில் அவசரத்தில் விட்டுப்போனது ஒன்று.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குப் பக்கத்தில் 'நூலக வரி' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். வீட்டு வரி 150 ரூபாய் என்றால் நூலக வரி 15. ரூபாய்க்கு 10 காசு. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த வரியைப் படித்ததே இல்லை. மொத்தத் தொகையைப் பார்ப்போம், கட்டுவோம், மடித்து வைப்போம். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான்.

1948இல் வந்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்துடையது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது. பின்னணியில் நூலகர் எஸ். ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு. 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் ரூபாய்க்கு அரையணா, இப்போது 10 காசு. ஏழை நாடு, நூலகத்துக்கு ஏது பணம் என்று எல்லோரும் கேட்ட காலத்தில், வீடு இருக்கிறவர் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் போடட்டும், யார் ஆட்சிக்கு வந்தாலும் நிற்காத வருமானமாக அது இருக்கட்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் ஊர்க்காரர்கள் ஏற்கனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைத் திறக்க வேண்டும்.

23 ஜூலை, காலை 7:30

நேற்றிரவு எழுதியதன் கடைசி வரி தவறு. பலர் அதைப் பகிர்ந்துவிட்டதால் தனியாக எழுதுகிறேன்.

கிராமத்தில் இரண்டு வகை நூலகம் உண்டு. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்று ஊர்ப்புற நூலகம். இது பொது நூலகத் துறையுடையது. மாவட்ட நூலக ஆணைக்குழு, அதன் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று போகும் வரிசையில் வருவது. நூலக வரி போய்ச் சேர வேண்டிய இடம் இந்த ஆணைக்குழு. ஊராட்சி வசூலித்து அங்கே செலுத்த வேண்டும்.

மற்றது ஊராட்சி நூலகம். 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்ததே, ஊராட்சிக்கு 20 லட்சம் வீதம், வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 ஊராட்சி என்று ஐந்து வருடத்தில் 12,618 ஊராட்சியையும் சுற்றி வந்தது. அதில் கட்டியது. இது ஊரக வளர்ச்சித் துறையின் கீழ், ஊராட்சியின் பொறுப்பில் இருப்பது. நீங்கள் சொல்வது இதுதான். எங்கள் ஊரில் பூட்டிக் கிடப்பதும் இதுதான்.

அதாவது நூலகத்துக்கென்று வசூலாகும் வரி ஒரு துறைக்குப் போகிறது, ஊரில் நிற்கும் நூலகக் கட்டடம் இன்னொரு துறையில் இருக்கிறது. நம் கட்டடத்துக்கு அந்த 10 காசில் பங்கு கிடையாது. நேற்று நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன்.

தமிழ்நாடு முழுக்கப் பொது நூலகத் துறையின் நூலகங்கள் நகரம், கிராமம் எல்லாம் சேர்த்து 4,600 சொச்சம். ஊராட்சிகளோ பன்னிரண்டாயிரத்துக்கு மேல். இந்த இடைவெளியை அடைக்கத்தான் மறுமலர்ச்சித் திட்டம் ஊருக்கு ஊர் கட்டடம் கட்டியது. நோக்கம் பெரியது, நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் ஊரில் அந்த மூன்றரை வருடத்தில் படிக்கப் பழகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கினார்கள், வருடா வருடம் நடத்துவதற்கு உறுதியான வழி வைக்கவில்லை. அங்கேதான் சறுக்கியது.

23 ஜூலை, மதியம் 2:20

"அப்படியானால் நூலக வரியை ஊரிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் திருத்தட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன், கடையில் வருகிறவர்களிடமெல்லாம் பேசவும் செய்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு விட்டுவிட்டேன். உங்கள் ஊருக்கே போட்டுக் காட்டுகிறேன்.

640 வீடு. சராசரி வீட்டு வரி 150 என்று வைப்போம், மொத்தம் 96,000. அதில் பத்தில் ஒன்று நூலக வரி, வருடத்துக்கு 9,600 ரூபாய். இது எல்லா வீடும் ஒழுங்காகக் கட்டினால்.

செலவு? தினமும் மாலை இரண்டரை மணி நேரம் திறக்க ஒருவருக்கு மாதம் 6,000 என்று வையுங்கள், அதற்குக் கீழே கேட்பது நியாயமில்லை. இரண்டு தமிழ் நாளிதழ், ஒரு வார இதழ் 500. மின்சாரம் 300. கூட்டிப் பெருக்க 700. சின்னச் சின்னச் செலவு 500. மாதம் 8,000. அதாவது ஊரின் ஒரு வருட நூலக வரியில் நூலகம் முப்பத்தாறு நாள் ஓடும்.

மாவட்டத்துக்கு ஒரு ஆணைக்குழு, பணம் அங்கே சேரட்டும் என்று வைத்ததன் அருமை அப்போதுதான் புரிந்தது. நகரத்தில் கடைத்தெருக் கட்டடத்துக்கு வரும் சொத்து வரி பெரியது, அதன் நூலக வரியும் பெரியது. டவுனில் ஜவுளிக்கடைக்காரர் கட்டும் பணத்தில் பத்து மைல் தள்ளி ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை படிக்கலாம். ஊர்ப் பணம் ஊருக்கே என்று பிரித்தால் முதலில் அடிபடுவது நம் ஊர்கள்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, வசூலான வரி முழுதாக ஆணைக்குழுவுக்குப் போகிறதா, போனதில் கிராமத்துக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்ற இரண்டும்தான். முதல் கேள்வி இன்னும் முக்கியம். சென்னை நீங்கலாக, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். எங்கேயோ ஒரு கணக்கில் ஒரு ரூபாய் தங்கினால் அதனுடைய ஜோடி ரூபாயும் சேர்ந்து போகிறது.

24 ஜூலை, இரவு 9:50

"மாதச் சந்தா போடலாமே, ஆளுக்கு 100" என்று கேட்டவருக்கு.

செய்து பார்த்தோம். 2016இல் எங்கள் ஊரில் நாற்பது பேர், ஆளுக்கு 100. முதல் மாதம் 4,000 முழுதாக வந்தது. ஒரு பையனை வைத்துத் திறந்தோம். இரண்டாம் மாதம் 3,300. நாலாம் மாதம் 1,700. அறுவடை, கல்யாணம், பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், ஒன்றும் பொய்யில்லை. வசூலுக்கு வீடு வீடாகப் போனது நான்தான். கடைசியில் என்னைத் தெருமுனையில் பார்த்தாலே சிலர் வேறு பக்கம் திரும்பினார்கள். ஆறாவது மாதம் நிறுத்தினோம். அந்தப் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்து, ஒரு வருடம் கழித்துத்தான் கொடுத்து முடித்தேன்.

ஊர்க்காரர்களின் நல்ல மனசு ஒரு தடவைக்கு நிறையத் தரும். மாதா மாதம் என்றால் சோர்ந்துவிடும். உங்கள் 8 லட்சத்தை இதை மனதில் வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

25 ஜூலை, காலை 6:45

தூங்காமல் யோசித்தது. கூரைக்குத் தட்டோடு பதித்து, ஜன்னல் சரிசெய்து, வெள்ளையடிக்க 60,000 வைத்துக்கொள்ளுங்கள். மீதி 7,40,000. வங்கியில் வைப்பாகப் போட்டால் இந்த 2023 நிலவரத்தில் 7 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 51,800. மாதம் 4,300 சொச்சம். முன்பு சொன்ன 8,000த்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அசல் தொகை தொடப்படாமல் இருக்கும் வரை, யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

பொது நூலகத் துறையிலும் இந்தப் பழக்கம் உண்டு. கிளை நூலகச் சுவரில் புரவலர் பட்டியல் பார்த்திருப்பீர்கள். 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர், 5,000 என்றால் பெரும் புரவலர், 10,000 என்றால் கொடையாளர்.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி ஊர் ஊராக நூலகம் கட்டிக் கொடுத்தார். உலகம் முழுக்க 2,509. கட்டடத்துக்குப் பணம் தருவதற்கு முன் அவர் வைத்த நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஊர் நிலம் தர வேண்டும், நான் தருவதில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் வரிப் பணத்திலிருந்து நடத்தும் செலவுக்கு ஒதுக்குவோம் என்று ஊர் உறுதி சொல்ல வேண்டும். மறுத்த ஊர்களும் உண்டு. 8 லட்சத்தில் கட்டினால் வருடம் 80,000 நடத்தும் செலவு. நம் கணக்கில் மாதம் 8,000 வீதம் வருடத்துக்கு வந்தது 96,000. நூறு வருடத்துக்கு முன் அங்கே போட்ட கணக்கும் நம் ஊர்க் கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

28 ஜூலை

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: "வைப்பாகப் போட்டால் எங்கள் பெயரைச் சொல்ல ஊரில் ஒரு கல் கூட இருக்காதே."

அவர் ஆசை தப்பில்லை. இருபது வருடம் வெயிலில் உழைத்த காசு, ஊரில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளே நுழைந்ததும் தெரியும்படி பெயர்ப் பலகை வையுங்கள், தந்தவர் பெயர் எல்லாம் எழுதுங்கள். பூட்டிய கட்டடத்தில் வெளியே இருக்கும் கல்வெட்டைவிட, தினமும் முப்பது பேர் நுழையும் அறையில் இருக்கும் பலகையைத்தான் ஊர் படிக்கும்.

12 ஆகஸ்ட், இரவு

இன்று தேசிய நூலகர் நாள், ரங்கநாதன் பிறந்தநாளுக்காக. சீர்காழிக்காரர். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். எங்கள் பகுதிக்கு அவரோடு ஒரு சொந்தம் உண்டு, இந்த இழைக்கும் அது பொருந்தும்.

1931 அக்டோபர் 21ஆம் தேதி, மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வண்டியைத் தந்தார். ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். கட்டடமே கிடையாது. வண்டியில் புத்தகம், ஊர் ஊராகப் போய் நின்று, எடுத்துக் கொடுத்து, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வது. புத்தகங்கள் பயன்படுவதற்கே என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931தான்.

இதற்கு 26 வருடம் முன்னால் அமெரிக்காவில் மேரிலாந்தின் வாஷிங்டன் கவுண்டியிலும் இதையே செய்தார்கள். மேரி டிட்கோம் என்ற நூலகர். முதலில் கிராமத்துக் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் புத்தகப் பெட்டி வைத்துப் பார்த்தார். தள்ளி இருக்கும் பண்ணை வீட்டுக்காரர்களுக்கு அது எட்டவில்லை. 1905இல் குதிரை வண்டியை அனுப்பினார். வண்டி ஓட்டியவர் அந்த நூலகத்தின் துப்புரவுப் பணியாளர். யார் வீட்டில் யார் இருக்கிறார், எந்தப் பாதை மழையில் மூழ்கும் என்று அவருக்கு அத்துப்படி. 1910இல் ரயில் மோதி வண்டி நொறுங்கியது. இரண்டு வருடம் கழித்து மோட்டார் வண்டி வாங்கி ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

வண்டி நொறுங்கியும் நூலகம் நிற்காததற்குக் காரணம் அதன் பின்னால் சம்பளம் வாங்கும் ஒரு ஆளும் வருடா வருடம் வரும் பணமும் இருந்ததுதான். எங்கள் பகுதி மாட்டு வண்டி சக்கரம் உருண்ட பாதையில்தான் நான் தினமும் டிவிஎஸ் எக்ஸெல்லில் உரம் கொண்டுபோகிறேன். இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு பை புத்தகம் வைக்க இடம் இருக்கிறது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லை.

15 ஆகஸ்ட், மாலை 5:00

கிராம சபை முடிந்து வந்தேன். நூலக வரிக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "எழுதிக் கொடுங்க அண்ணே, பார்ப்போம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். நூலகத்தைத் திறக்க வேண்டும் என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறியது, அது பெரிய விஷயம். பதிவேட்டில் ஏறாத பேச்சு காற்றோடு போய்விடும். உங்கள் ஊரில் கேட்டீர்களா?

16 ஆகஸ்ட்

கிராம சபையில் எங்கள் காலனியைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து கேட்டதை நேற்று எழுதாமல் விட்டது தப்பு. "நூலகத்தைத் திறக்கிறது சரி. அது இருக்கிற தெருவுக்குள்ள எங்க பிள்ளைங்க வந்து உட்காருமா?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2008இல் திறந்தபோதும் அந்தப் பிள்ளைகள் வரவில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. வருகிறவர்களுக்குத் திறந்திருக்கிறது, யாரையும் தடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். கட்டடம் கோயில் தெருவுக்குள், மூன்று வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தத் திண்ணைகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பணம், சம்பளம், கூரை என்று இத்தனை நாள் எழுதினேன், இதை ஒரு வரி எழுதவில்லை.

உங்கள் ஊரில் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே காரணம் இதுவாகத்தான் இருக்கும். இப்போது இருக்கும் இடத்துக்கு ஊரின் எல்லாப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் வர முடியாது என்றால், இடத்தை மாற்றுங்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டி, அல்லது பேருந்து நிறுத்தத்தில். இரண்டும் யாருடைய தெருவும் இல்லை.

3 செப்டம்பர்

பெரம்பலூர் நண்பர் பதில் போட்டிருக்கிறார். அவர்கள் கட்டடம் பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறதாம். அப்படியானால் இடிக்கக் காரணமே இல்லை. "பாதிப் பேர் வைப்புக்குச் சம்மதம், பாதிப் பேர் கட்டடம்தான் என்கிறார்கள்" என்கிறார். ஊரை உடைக்காமல் பொறுமையாகப் பேசுங்கள்.

19 செப்டம்பர், இரவு

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மூன்று வருட நூலக வரி வசூல் எழுதியிருக்கிறார்கள். எதிரே 'செலுத்தப்பட்ட விவரம்' என்ற கட்டத்தில் ஒரு வருடத்துக்கு மட்டும் தொகை, மற்ற இரண்டும் காலி. காலி என்றால் கட்டவில்லையா, எழுதவில்லையா என்று மேல்முறையீட்டில் கேட்டிருக்கிறேன்.

தொகை சின்னதுதான். ஆனால் 12 ரூபாய், 15 ரூபாய் என்று ஒவ்வொரு வீடும் நூலகத்துக்கென்று பெயர் சொல்லிக் கொடுத்த காசு. சாலைக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ போயிருந்தாலும் எனக்கு ஆறாது. இப்போது வீட்டு வரியை இணையத்திலேயே கட்டலாம், கணக்கும் சுத்தமாக விழும். இனி இந்தக் கட்டம் காலியாக இருக்க ஒரு காரணமும் இல்லை.

24 செப்டம்பர்

கேரளத்தைப் பார் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். ஒரு தடவை மூணாறு போன வழியில் ஒரு வாசகசாலையில் அரைநாள் உட்கார்ந்தும் இருக்கிறேன்.

அங்கே நூலகத்தை நடத்துவது ஊர்க்காரர்களின் சங்கம், அரசு இல்லை. பி. என். பணிக்கர் ஊர் ஊராக நடந்து சேர்த்த சங்கங்கள் அவை. 1989இல் சட்டம் வந்தபோது அரசு அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. தரம் பிரித்து மானியம் தந்தது. சொத்து வரியில் 5 சதவீதம் நூலக வரி, அதற்கு மேல் மாநிலக் கல்விச் செலவில் குறைந்தது 1 சதவீதம் நூலகத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கர்நாடகம் வேறு வழியில் போனது. கிராம ஊராட்சி நூலகங்களை 2019இல் நூலகத் துறையிடமிருந்து பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றினார்கள். கட்டடமும் ஆளும் பணமும் ஒரே கையில் வந்தன. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளை இலவச உறுப்பினராகச் சேர்த்தார்கள்.

ஜூலையில் நான் வைப்புத் தொகை வழியைத் தூக்கிப் பேசினேன். இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. ஊரே ஆளை வைத்து, ஊரே சம்பளம் கொடுத்துவிட்டால், அந்த ஊரில் ஒரு நூலகர் வேண்டும் என்று அரசிடம் கேட்கும் உரிமை மழுங்கிப் போகாதா? வெளிநாட்டில் பையன்கள் இல்லாத ஊர் என்ன செய்யும்? வசதி உள்ள ஊரில் நூலகம், இல்லாத ஊரில் பூட்டு என்று ஆகிவிடும். 1948இல் வரி போட்டதே அப்படி ஆகக் கூடாது என்றுதானே.

ஆகவே என் யோசனையைத் திருத்துகிறேன். வைப்பு வட்டியை மூன்று வருடத்துக்கு மட்டும் என்று தீர்மானமாக எழுதுங்கள். அந்த மூன்று வருடமும் வருகைப் பதிவேடு, புத்தகம் போய் வந்த கணக்கு இரண்டையும் ஒருநாள் விடாமல் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நூலக அலுவலரிடம் போய், இந்த ஊருக்கு ஒரு பகுதிநேர நூலகமாவது கொடுங்கள் என்று கேளுங்கள். வெறும் கட்டடத்தைக் காட்டிக் கேட்பதைவிட, தினம் இத்தனை பேர் என்று பதிவேட்டைக் காட்டிக் கேட்பது கனமானது. நூலகர் கிடைத்த பிறகு வட்டிப் பணத்தில் புத்தகம் வாங்குங்கள்.

25 செப்டம்பர்

புத்தகம் என்றதும் நினைவு வந்தது. நன்கொடையாக வரும் பழைய புத்தகத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டில் இடமில்லை என்று தருவார்கள், பழைய கெய்டு, கல்லூரி மலர், அட்டை கிழிந்த மாத நாவல். 2016இல் எங்களுக்கு நாலு சாக்கு வந்தது. அலமாரி நிறைந்துவிட்டது, பிள்ளைகள் கை வைக்கவில்லை.

எங்கள் பக்கம் நூலகத்துக்கு வருகிறவர்கள் மூன்று வகை. காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் இளவட்டம். இந்தக் கடைசிக் கூட்டத்துக்குப் புத்தகத்தைவிட அமைதியான மேசையும் மின்விசிறியும் வேண்டும். வீட்டில் அது கிடைக்காது. வீட்டை விட்டு வர முடியாத பெண்கள் நாலாவது வகை, அவர்களை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகஸ்டு முதல் என் வண்டியில் ஒரு பை கொண்டுபோகிறேன். மன்னார்குடியில் என் உறுப்பினர் அட்டைக்கு எடுப்பது மூன்று, சொந்தமாக வாங்கியது பத்து. ஒன்பது வீட்டில் மாறி மாறிப் போகிறது. சமையல் புத்தகம் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். கேட்டது சரித்திர நாவலும் சட்டம் பற்றிய புத்தகமும்.

2 அக்டோபர்

எங்கள் கிராம சபையில் வேலை நடந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் மூட்டை வெளியே வருகிறது.

20 நவம்பர், இரவு 11:10

நூலக வாரத்தின் கடைசி நாள். பெரம்பலூர் போய் வந்தேன், கேள்வி கேட்டவரின் ஊருக்கு. கட்டடத்தை இடிக்கவில்லை. கூரைக்கும் ஜன்னலுக்கும் 72,000 ஆகியிருக்கிறது, நான் சொன்ன 60,000த்தைத் தாண்டிவிட்டது. வைப்பு 7 லட்சம். மீதியில் மேசை, நாற்காலி, மின்விசிறி. வெளிநாட்டு நண்பர்களின் பெயர்ப் பலகை உள்ளே, நாளிதழ் மேசைக்கு நேர் மேலே இருக்கிறது.

குரூப் 4க்குப் படிக்கும் ஒரு பெண் மாலை நாலரைக்குத் திறக்கிறார். காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கு எதிரே இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. பதிவேட்டைப் புரட்டினேன். தீபாவளி அன்றைக்குக் கூட மூன்று கையெழுத்து.

நிற்கும் சிக்கல் இரண்டு. ஊராட்சிப் பெயரில் இருந்த மின் இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டது. இப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்கள், அது நாளைக்கே ஆபத்து, சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது, வட்டி மாதம் 4,080, அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது 6,000. இடையில் உள்ள 1,920ஐ நாலு பேர் கைக்காசாகப் போடுகிறார்கள். என் 2016 நினைவு வந்து வயிற்றைப் பிசைந்தது. ஜனவரி 26 கிராம சபையில் இதை ஊராட்சி பொது நிதியிலிருந்து தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மனு மாதிரியை நாளைக் காலை கடை திறப்பதற்கு முன் எழுதி இங்கேயே போடுகிறேன். மூன்று வருட நூலக வரிக் கணக்கையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.